முப்பத்தேழு வருஷத்து அரியர்

டாகும்பானில் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேளுங்கள், ஓசிங் மனாங் அவரை ஒருமுறையாவது திருப்பி அனுப்பியிருப்பாள். மனாங் என்றால் எங்கள் ஊரில் அக்கா. மேயரை அனுப்பியிருக்கிறாள், அவர் மேயராவதற்கு வெகுகாலம் முன்னால். எங்கள் பங்குச் சாமியார் மீன் வளர்ப்பு படிக்க வந்த பையனாக இருந்தபோது அவரை மூன்று முறை அனுப்பியிருக்கிறாள். பதிவாளர் அலுவலக ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, நீட்டிய காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டுவாள். பிறப்புச் சான்றிதழ் இருக்கும், மதிப்பெண் பட்டியல் இருக்கும், போட்டோ மட்டும் இரண்டு அங்குலத்துக்குப் பதிலாக ஒன்றரை அங்குலம் இருக்கும். போச்சு, கட்டு மொத்தமும் திரும்பி வந்துவிடும். அழுதாலும் சரி, அம்மாவைக் கூட்டிவந்தாலும் சரி, ஒரு கூடை சிப்பி கொண்டுபோய் வைத்தாலும் சரி, அவள் மசிய மாட்டாள். சிப்பியையும் அல்லவா திருப்பிக் கொடுத்துவிடுவாள்!

பெற்ற பெண்ணுக்கே அந்தக் கதிதான். பெரியவள் கல்லூரியில் சேர வந்தபோது நன்னடத்தைச் சான்றிதழ் இல்லை என்று வரிசையிலிருந்து விலக்கி நிறுத்தினாள்.

"அம்மா, என் நடத்தை உனக்குத் தெரியாதா?" என்று அந்தப் பெண் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"எனக்குத் தெரியும்டி. ஃபைலுக்குத் தெரியாதே. அடுத்தவங்க வாங்க."

வீட்டில் மூன்று நாள் பேச்சு இல்லை. ஓசிங்கின் புருஷன் ஆட்ரிங், தீவுகளுக்குப் படகு ஓட்டுகிறவர், இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து உப்புக் கருவாட்டைத் தின்றபடி, "என்னையும் ஏதாவது சான்றிதழ் கேட்டுத்தான் கட்டிக்கிட்டாளோ, மறந்துபோச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

இப்படிப்பட்ட ஓசிங்குக்கே ஒரு பாடம் அரியர் இருந்தது. ஒரு வருஷம் இரண்டு வருஷம் அல்ல, முப்பத்தேழு வருஷமாக இருந்தது. செத்துப்போன அப்பாவையும் ஆட்ரிங்கையும் தவிர இது ஊரில் ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது.

அவள் படிக்க வந்த காலத்தில் அது பல்கலைக்கழகமா என்ன? மீன்வளப் பள்ளி என்று பெயர். நீப்பா ஓலை வேய்ந்த நாலு வகுப்பறை, பின்னால் ஆறு பால்மீன் குளம், இவ்வளவுதான் சொத்து. ஃபீஸ் கட்ட வழியில்லாத பிள்ளைகள் குளத்துக் கரையை மண்வெட்டி பிடித்து உயர்த்திக் கொடுத்துப் படித்தார்கள். கடல் ஏறுகிற மாதங்களில் வகுப்புக்குள் தண்ணீர் வரும். அப்போது ஆசிரியர் மேஜை மேலும் பிள்ளைகள் பெஞ்சு மேலும் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பாடத்தைத் தொடருவார்கள். 1971ல் அங்கே முதன்முதலாக நாலு வருஷத்து ஆசிரியப் பட்டப்படிப்பு வந்தது. சேர்ந்தவர்கள் முப்பத்தொரு பேர். அதில் ஒருத்தி ஓசிங், நண்டு வலை பின்னுகிறவரின் ஒரே மகள்.

அந்த முப்பத்தொரு பேரில் தட்டச்சு தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஃபீஸுக்குப் பதிலாக அலுவலகத்தில் மதியம் வேலை பார் என்று சொல்லிவிட்டார்கள். கடைசிப் பருவத்தில் உடற்கல்வியில் நாட்டுப்புற நடனம், அதாவது மூங்கில் ஆட்டம். இரண்டு பேர் இரண்டு நீளமான மூங்கிலைப் பிடித்து, கட்டை மேல் இரண்டு தட்டுத் தட்டி, மூன்றாவதுக்குச் சேர்த்து அடிப்பார்கள். நடுவில் குதிக்கிறவர்கள் அந்த மூன்றாவது அடிக்குள் காலை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் கணுக்கால் பேசும். செய்முறைத் தேர்வு நாளன்று பார்த்தா மணிலாவிலிருந்து ஆய்வுக் குழு வர வேண்டும்? தலைமையாசிரியர் ஓசிங்கை அறிக்கை அடிக்க உட்கார்த்திவிட்டார். நடன ஆசிரியை மிஸ் கோன்சொலாசியோன் அவள் பேருக்கு நேரே 'முழுமையில்லை' என்று போட்டுவைத்தார். அதொன்றும் பெரிய விஷயமில்லை, ஒரு நாள் போய் ஆடிக்காட்டினால் தீர்ந்தது.

அங்கேதான் எங்கள் ஊர்ப் புத்தி வேலை செய்தது. 'நாமாகப் போய்க் கேட்டால், நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று டீச்சரைக் குத்திக்காட்டுகிற மாதிரி ஆகிவிடும், அவராகக் கூப்பிடட்டும்' என்று ஓசிங் இருந்தாள். 'ஆபீஸ் வேலையில் இருக்கிற பெண்ணைக் கூப்பிட்டால் விரட்டுகிற மாதிரி ஆகிவிடும், அவளாக வரட்டும்' என்று டீச்சர் இருந்தார். இரண்டு பேரும் தினமும் காலையில் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். மதியத்தில் அவித்த வாழைப்பழத்தைப் பங்குபோட்டுத் தின்றார்கள். மழையைப் பற்றிப் பேசினார்கள், நண்டு விலையைப் பற்றிப் பேசினார்கள், அதைப் பற்றி மட்டும் பேசவில்லை. ஒரு மாதம் இப்படியே போனது. பிறகு டீச்சர் கல்யாணம் பண்ணிக்கொண்டு மிண்டனாவோவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். அடுத்தவர் மனம் நோகக்கூடாது என்று நாங்கள் படுகிற பாட்டில் பாதிக் காரியம் இப்படித்தான் நாசமாய்ப் போகிறது.

பட்டதாரிகள் பட்டியலை அடித்தவளும் ஓசிங்தான். தன் பேரையும் அடித்துவிட்டு, கோப்போடு ஒத்துப் பார்த்தாள். அங்கே அந்த 'முழுமையில்லை' அப்படியே இருந்தது. பிறகு தன் பேர் மேலேயே எழுத்து எழுத்தாக எக்ஸ் அடித்து மறைத்தாள். அவளை யாரும் அடி என்று சொல்லவில்லை, யாரும் கவனித்திருக்கவும் மாட்டார்கள். அவளுக்கு அப்போது வயது இருபத்தொன்று.

வீட்டில் பட்ட விருந்துக்குப் பன்றி வாங்கிக் கட்டியாயிற்று, ஊரைக் கூப்பிட்டாயிற்று. அழுதுகொண்டே வந்து அப்பாவிடம் சொன்னாள்.

"ஒரு பாடம்தானே? அடுத்த வருஷம் ஆடிட்டாப் போச்சு" என்றார் அப்பா. "அதுக்காகப் பன்னி அடுத்த வருஷம் வரைக்கும் காத்துக்கிட்டிருக்குமா? அது தின்னே நம்மள ஓட்டாண்டியாக்கிடும்."

பன்றியைச் சுட்டார்கள். ஊர் வயிறாரத் தின்றது, ஓசிங்கின் கையைப் பிடித்துக் குலுக்கியது, அவளைப் பட்டதாரி என்றே நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனது.

அடுத்த வருஷம் அவளைத் தட்டச்சராக நிரந்தரமாக்கினார்கள். அதற்கடுத்த வருஷம் ஆட்ரிங். பிறகு வயிற்றில் பிள்ளை, கையில் பிள்ளை. அதற்குள் அவள் ஜன்னலில் உட்கார்ந்து மற்றவர்களைத் திருப்பி அனுப்ப ஆரம்பித்திருந்தாள். ஊரையெல்லாம் குறை பிடிக்கிறவள் போய், எனக்கே ஒன்று குறைகிறது என்று எந்த முகத்தோடு சொல்வது? ஒவ்வொரு வருஷமும் அந்த வெட்கம் ஒரு சுற்றுப் பெருத்தது.

பள்ளிக்கூடமும் பெருத்தது. ஓலை தகரமானது, தகரம் கான்கிரீட் ஆனது. 1983ல் அரசுக் கல்லூரி என்று பலகை மாறியது. அடுத்த வருஷமே அடித்த புயலில் பாதிக் கல்லூரி தண்ணீருக்குள் போனது. அன்று ஆட்ரிங்கின் படகை அலுவலக ஜன்னல் வரைக்கும் ஓட்டிவரச் சொல்லி, கோப்புப் பெட்டி நாற்பத்திரண்டையும் ஏற்றி மலைக்கோயிலுக்குக் கொண்டுபோனாள் ஓசிங். வீட்டு அரிசி மூட்டை நனைந்து போனது. "அரிசி வாங்கிக்கலாம், ஆயிரம் பேரு படிச்சதை எங்க போய் வாங்குறது?" என்று கேட்டாளாம். ஆட்ரிங் இன்னும் அந்த அரிசியைப் பற்றிப் பேசுவார்.

ஆறு குளத்தில் நாலைத் தூர்த்துக் கட்டடம் எழுப்பினார்கள். செவிலியர் படிப்பு வந்தது, கணினி வந்தது, பொறியியல் வந்தது. சேர்க்கை நாளில் வரிசை மீன் மார்க்கெட்டைத் தாண்டிப் போகும், நடுவில் ஐஸ் விற்கிறவன் கடைபோட்டுவிடுவான். முப்பத்தொரு பேர் பதினோராயிரம் பேரானார்கள். ஓசிங்கின் ஒற்றை அலமாரி மூன்று அறையானது. பதிவாளர் ஓய்வுபெற்றபோது அவளையே பொறுப்புப் பதிவாளர் ஆக்கினார்கள். நிரந்தரமாக ஓர் ஆள் வரும்வரை என்றார்கள். ஆள் வரவில்லை, பொறுப்பு பதினோரு வருஷம் ஓடியது.

2012ல் மணிலாவில் சட்டம் நிறைவேறியது. டாகும்பான் மாநிலப் பல்கலைக்கழகம்! ஊரே தெருவுக்கு வந்துவிட்டது. மேளம் என்ன, வாழைமரத் தோரணம் என்ன, மேயர் பிடித்த மைக்கை விடாமல் ஒன்றரை மணி நேரம் பேசியது என்ன. ஓசிங்கும் சிரித்துக்கொண்டுதான் நின்றாள். ஆனால் சட்டத்தோடு வந்த விதிமுறைகளை ஊரில் படித்தவள் அவள் ஒருத்திதான். பல்கலைக்கழகப் பதிவாளருக்குப் பட்டம் கட்டாயம். பழைய கல்லூரியில் படிப்பை முடிக்காதவர்கள் வருகிற மார்ச்சுக்குள் முடிக்க வேண்டும், இல்லையென்றால் படித்தது அத்தனையும் செல்லாது. அந்தச் சுற்றறிக்கையை அறிவிப்புப் பலகையில் ஊசி குத்தி மாட்டியதும் அவள்தான்.

மறுவாரம் பல்கலைக்கழகத் தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். டாக்டர் லிலிபெத் சுமகாய்சாய், அதே கல்லூரியில் படித்து, அதே ஜன்னலில் இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்டவர்.

"உட்காருங்க மனாங். உங்க ஃபைலைப் பார்த்தேன்."

"பார்த்தா தெரிஞ்சிருக்குமே மேம்."

"எப்படி மனாங் இத்தனை வருஷம் வாயத் திறக்காம இருந்தீங்க?"

"யாரும் கேக்கலையே."

தலைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "நான் ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. வேலை அனுபவத்துக்கு ஈடா ஒரு பாடம்னு தள்ளுபடி பண்ணிடலாம். இந்த மூணு மாடியும் நீங்க ஏறி இறங்கினதுக்கே ரெண்டு உடற்கல்வி குடுக்கணும்" என்றார்.

"மாடிப்படி ஏறினது நடனமாகாது மேம்."

"மனாங்!"

"நாளைக்கு ஒரு பையன் வந்து, நான் மீன் மார்க்கெட்ல ரெண்டு வருஷம் தராசு பிடிச்சேன், கணிதத்துல பாஸ் போடுங்கன்னு நின்னா நான் என்ன சொல்லட்டும்?"

"சரி, இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"சேரப் போறேன்."

"வயசு அம்பத்தெட்டு மனாங். முட்டிவலின்னு போன மாசம்கூட லீவு போட்டீங்க."

"முட்டியப் பத்தி விதிமுறையில ஒண்ணும் எழுதலை மேம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள் ஓசிங்.

சேர்க்கை நாளில் அவள் ஜன்னலின் மறுபக்கம் வரிசையில் நின்றாள். முன்னால் ஏழு பேர், பின்னால் கணக்கில்லை. உள்ளே அவளுடைய எழுத்தர் ரொவெனா உட்கார்ந்திருந்தாள். விண்ணப்பத்தை வாங்கிப் புரட்டியவளுக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

"மேம்... மருத்துவச் சான்றிதழ்ல டாக்டர் தேதி போடலை மேம்."

"அதுக்கு என்ன பண்ணணும்?"

"பரவாயில்லை மேம், நானே..."

"ரொவெனா!"

"திருப்பித் தரணும் மேம்" என்று அழாக்குறையாகச் சொன்னாள் ரொவெனா. ஓசிங் வாங்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு வெயிலில் நடந்தாள். பின்னால் வரிசை மொத்தமும் கைதட்டிக் கூத்தடித்தது. அன்று சாயங்காலத்துக்குள் விஷயம் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. முப்பத்தேழு வருஷம் மூடிவைத்த ரகசியம் இப்படி ஒரு தேதி இல்லாத காகிதத்தில் போய்விட்டதே என்று அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. வீட்டுக்கு வந்தபோது ஏனோ நெஞ்சு லேசாகவும் இருந்தது.

நடன ஆசிரியர் ஜெர்வின் பால்மாரெசுக்கு வயது இருபத்தெட்டு. அவனும் ஓசிங்கின் கைவரிசையைப் பார்த்தவன்தான். ஒரு சான்றிதழுக்காக ஒரு பருவம் முழுக்க இழந்து, அந்த ஆறு மாதமும் துறைமுகத்தில் ஐஸ் பாளம் தூக்கியவன். முதல் வகுப்பில் பதினெட்டு வயசுப் பிள்ளைகளுக்கு நடுவே, கட்டம் போட்ட பாவாடையும் வெறுங்காலுமாக நின்ற ஓசிங்கை அவன் ஏற இறங்கப் பார்த்தான்.

"மனாங், பழிவாங்குவேன்னு பயப்படாதீங்க. ஆனா சலுகையும் கிடையாது."

"சலுகை கேட்டு யாரு வந்தா? ஆரம்பிங்க சார்."

முதல் நாள் நாலு முறை அடி வாங்கினாள். இரண்டாம் நாள் ஆறு. "அய்யோ ஆண்டவரே!" என்று அவள் கத்துகிறபோதெல்லாம் மூங்கில் பிடித்த பிள்ளைகள் பதறிக் கையை விட்டுவிடுவார்கள். "விடாதீங்கடா! என் காலு, நான் பாத்துக்கறேன்!" என்று அவர்களையும் திட்டுவாள். கணுக்கால் இரண்டும் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டன.

வீட்டில் ஆட்ரிங் படகுக்கு வைத்திருந்த மூங்கில் இரண்டை எடுத்து முற்றத்தில் போட்டார். ஒரு முனையில் அவர், மறுமுனையில் பக்கத்து வீட்டு வலைக்காரர். தினமும் சூரியன் இறங்குகிற நேரத்தில் டக், டக், சட்! டக், டக், சட்! தெருவே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது. ஒருத்தி ஒட்டரிசிப் பணியாரம் சுட்டு விற்கவே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏ ஓசிங், காலத் தூக்குடி, கல்லா கட்டியிருக்கு?" என்பார் ஆட்ரிங்.

"நீ ஒழுங்கா தட்டு முதல்ல! மூணாவது தட்டுக்கு முன்னாடியே சேக்குற!"

"நான் முப்பத்தாறு வருஷமா உன் தாளத்துக்குத்தான்டி தட்டிக்கிட்டிருக்கேன், இப்பப் போயா தப்புவேன்?"

தெரு விழுந்து விழுந்து சிரித்தது. ஓசிங்கும் சிரித்தாள், சிரித்ததில் கால் மாட்டிக்கொண்டது. படுக்கப் போகும்முன் ஆட்ரிங் அவள் காலுக்கு இஞ்சி எண்ணெய் தேய்த்துவிடுவார். அப்போது மட்டும் அவர் கேலி பேசுவதில்லை. ஒருநாள், "வேண்டாம்னு தோணினா விட்டுடு, ஊரு நாலு நாள் பேசும், அப்புறம் மறந்துடும்" என்றார்.

"ஊருக்காக இல்லை. ஒவ்வொரு வருஷமும் அத்தனை பேர் பட்டத்துலயும் முத்திரை குத்தறேன். ஒரு வருஷமாவது என்னோடதும் அதுல இருக்கணும்னு இருக்கு. ஆசையா இருக்கு, அவ்வளவுதான்" என்றாள் ஓசிங். கல்யாணமான நாளிலிருந்து அவள் எதற்கும் ஆசை என்று சொல்லி ஆட்ரிங் கேட்டதில்லை.

மார்ச் மாதத்தில் தேர்வு. ஆட்டத்துக்கு மூன்று கட்டம். மெதுவாக, நடுத்தரமாக, கடைசியில் தலைதெறிக்கிற வேகம். முதல் கட்டம் பிசகில்லாமல் போனது. இரண்டாவதில் மூச்சு வாங்கினாலும் கால் சொன்ன பேச்சைக் கேட்டது. மூன்றாவது ஆரம்பித்து எட்டு எண்ணுவதற்குள் இடது கால் மாட்டி, ஓசிங் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைகள் ஓடிவந்து தூக்கினார்கள். "போதும் மனாங், போதும், போய்த் தண்ணி குடிங்க" என்றான் ஜெர்வின்.

நாலு நாள் கழித்து மதிப்பெண் தாள் பதிவாளர் மேஜைக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் ஒன்று என்றால் முதல்தரம், மூன்று என்றால் ஒட்டிக்கொண்டு பாஸ், ஐந்து என்றால் ஊத்திக்கொண்டது. ஓசிங் பேருக்கு நேரே மூன்று.

தாளில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. தேதி இருந்தது, கையெழுத்து இருந்தது, முத்திரை இருந்தது. முப்பத்தேழு வருஷமாக எதற்கு ஏங்கினாளோ அது கண்ணெதிரே இருந்தது. ஒரு பெட்டிக்குள் போட்டுப் பூட்டினால் கதை முடிந்தது. அவளுக்கு அதை வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் இருந்தது. ரொம்ப ஆசையாகத்தான் இருந்தது. மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவே இல்லை. மூன்று மணிக்கு ஒரு சீட்டில் 'தேர்வு மூன்றாம் கட்டம் நடைபெறவில்லை' என்று எழுதி, தாளோடு சேர்த்துக் குத்தி, உடற்கல்வித் துறைக்குத் திருப்பி அனுப்பினாள்.

கால் மணி நேரத்தில் ஜெர்வின் மூச்சிரைக்க வந்து நின்றான்.

"மனாங், மார்க் போடறது வாத்தியார் உரிமை. அதத் திருப்பி அனுப்ப உங்களுக்கு என்ன அதிகாரம்?"

"அதிகாரம் இல்லைதான். கேள்விதான் கேட்டிருக்கேன். மூணாவது கட்டம் ஆடினேனா?"

"தட்டுத்தடுமாறி ஆடின பசங்களுக்கும் மூணுதான் போட்டிருக்கேன்."

"அவங்க கடைசி வரைக்கும் ஆடினாங்க. நான் உக்காந்துட்டேன். யாரையாவது பாதியில உக்காந்ததுக்குப் பாஸ் போட்டிருக்கியா?"

ஜெர்வின் குரலைத் தாழ்த்தி, "எங்கம்மா வயசு மனாங் உங்களுக்கு. திரும்ப விழுந்து இடுப்பு கிடுப்பு ஒடிஞ்சா என்ன பண்றது? நான் எப்படி உங்கள ஃபெயில் பண்ணுவேன்?" என்றான்.

"தம்பி, உன்னை ஒரு காகிதத்துக்காக ஆறு மாசம் ஐஸ் தூக்க வச்சேன். இன்னிக்கு எனக்குன்னு வந்தப்ப இதை வச்சுக்கிட்டேன்னா, அன்னிக்கு உனக்குச் செஞ்சது வெறும் அக்கிரமமாப் போயிடும்டா. நீ தூங்கிடுவே. எனக்குத் தூக்கம் வராது."

அவன் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தான். "சனிக்கிழமை காலைல பத்து மணி. விழுந்தீங்கன்னா நிச்சயமா அஞ்சுதான்" என்றான். "அஞ்சுன்னா அஞ்சு" என்றாள் ஓசிங். திங்கட்கிழமை பட்டியல் மூடுகிறார்கள். அதற்குப் பிறகு ஒன்றும் செய்ய முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

சனிக்கிழமை மைதானத்தில் நிற்க இடமில்லை. எங்கிருந்துதான் அத்தனை கூட்டம் வந்ததோ! ஒளிக்காமல் சொல்கிறேன், பாதிப் பேர் அவள் விழுவதைப் பார்க்கத்தான் வந்தார்கள். அவள் கையால் திரும்பி வந்தவர்கள்தானே அத்தனை பேரும். மூன்று சக்கர வண்டிக்காரர்கள் வண்டியை விட்டு இறங்காமல் எட்டிப் பார்த்தார்கள். பங்குச் சாமியார் குடை பிடித்துக்கொண்டு முன்வரிசையில் இடம்பிடித்திருந்தார். "சாமி, நீங்களுமா?" என்று யாரோ கேட்டதற்கு, "மூணு தடவைப்பா, மூணு தடவை!" என்றார். ஆட்ரிங் மூங்கில் பிடிக்கப் போனார். ஜெர்வின் அவரைப் பிடித்து வெளியே உட்கார்த்தினான்.

முதல் கட்டத்தில் கூட்டம் கிண்டலடித்தது. "போட்டோ ரெண்டு அங்குலம் இருக்கா மனாங்?" என்று ஒரு குரல். இரண்டாவது கட்டத்தில் கிண்டல் அடங்கியது. மூன்றாவது கட்டம் ஆரம்பித்தது. அவளோடு ஆடிய பெண்ணின் சடை பறந்தது, மூங்கில் கண்ணுக்குத் தெரியவில்லை, ஓசிங்கின் முகம் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. எட்டு. பதினாறு. சென்ற முறை விழுந்த இடம் தாண்டியாயிற்று. யார் முதலில் ஆரம்பித்தார்களோ, கூட்டம் தாளத்துக்குக் கைதட்ட ஆரம்பித்தது. சாமியார் குடையைத் தரையில் தட்டினார், வண்டிக்காரர்கள் ஹாரனைத் தட்டினார்கள். ஓசிங் எதையும் கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தாள். கடைசிக்கு முந்தின சுற்றில் வலது பாதத்தின் ஓரத்தை மூங்கில் கவ்வியது. "ஆ!" என்றாள், காலை உருவிக்கொண்டாள், அடுத்த தட்டுக்கு உள்ளே இருந்தாள். முடிந்தது.

விட்டாரே ஆட்ரிங் ஒரு விசில், துறைமுகம் வரைக்கும் கேட்டிருக்கும். ஓசிங் மூச்சுவாங்கிக்கொண்டே ஜெர்வினிடம் நொண்டி நொண்டிப் போனாள். "என்ன போட்ட?"

"ரெண்டரை."

"ஒரு தடவை மாட்டிச்சே?"

"மனாங், கும்பிடறேன், இதையாவது திருப்பி அனுப்பாதீங்க!"

அவள் யோசித்தாள். யோசித்துவிட்டுச் சரி என்றாள். பங்குச் சாமியார் எல்லோருக்கும் முன்னால் வந்து அவள் கையைக் குலுக்கினார்.

ஏப்ரலில் பட்டமளிப்பு. டாகும்பான் மாநிலப் பல்கலைக்கழகம் என்ற பேரில் வெளியே போகிற முதல் அணி, ஆயிரத்து எழுநூறு பேர். பதிவாளர் நியமன உத்தரவு ஜூனில்தான் வந்தது. அன்று மண்டபத்தில் ஓசிங்குக்கு அதைப் பற்றிய நினைப்பே இல்லை. எப்போதும் மேடையில் மைக் பக்கத்தில் நின்று பேர் வாசிக்கிறவள், இந்த முறை கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு நாற்காலி வரிசையில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தாள். வாசிக்கிற வேலையை ரொவெனாவிடம் விட்டிருந்தாள். விட்டாளே தவிர மனம் விடவில்லை. ரொவெனா கொஞ்சம் வேகமாக வாசித்தால் இங்கே இவள் உச்சுக்கொட்டுவாள். ஒரு பையன் மேடையில் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றால், "நகரு ராஜா, நகரு" என்று முணுமுணுப்பாள். பக்கத்தில் இருந்த பிள்ளைகளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

ஆசிரியப் படிப்பின் வரிசை வந்தது. ரொவெனா ஒரு நிமிஷம் நிறுத்தி, தண்ணீர் குடித்து, மைக்கைப் பிடித்தாள்.

"எயுஃப்ரொசினா பலாப்ரிகா!"

பழைய கோப்பில் எந்தப் பேர் இருக்கிறதோ அந்தப் பேரில்தான் பட்டம். அதாவது ஊர் ஓசிங் என்று சுருக்கிவிட்ட முழுப்பேர், கல்யாணத்துக்கு முந்தின குடும்பப் பேரோடு. விதி அப்படி. யாரும் எழுந்திருக்கவில்லை. மண்டபம் காத்திருந்தது. ரொவெனா இன்னொரு தடவை கூப்பிட்டாள்.

ஓசிங் வரிசையை எட்டி எட்டிப் பார்த்தாள். "யாரும்மா அது? கூப்பிடறாங்க பாரு, எழுந்திரும்மா, பின்னாடி ஆயிரம் பேரு நிக்கறாங்க!" என்று அதட்டினாள்.

அவளோடு மூங்கிலில் ஆடிய பெண் அவள் அங்கியைப் பிடித்து இழுத்தாள். "மனாங், அது நீங்கதான்!"

"நானா?"

"உங்களத்தான் கூப்பிடறாங்க மனாங். எழுந்திருங்க!"

ஓசிங் எழுந்தாள். எழுந்தவள் மறுபடி உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைகள் இரண்டு பக்கமும் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள். மண்டபம் முழுக்க எழுந்து நின்றுவிட்டது. எங்கோ பின்னால் ஆட்ரிங், "போடி, நேரமாகுது!" என்று கத்துவது கேட்டது. அழக்கூடாது என்றுதான் வீட்டிலிருந்து கிளம்பியிருந்தாள். மேடையின் முதல் படியில் கால் வைக்கும்போதே அழுதுவிட்டாள்.